வீட்டு நீச்சல் குளம்: எதை வாங்குவது, எந்த வரிசையில் வாங்குவது

நீச்சல் குளச் சாமான் விற்பவர்களின் விலைப்பட்டியல் பெருநகரத்துத் தனி வீடுகளை மனத்தில் வைத்து அச்சிடப்பட்டது. அங்கே குழாயைத் திறந்தால் சுத்திகரித்த தண்ணீர் வரும். மோட்டார் நின்றால் அன்று மாலையே மெக்கானிக் வருவார். கம்பம் பள்ளத்தாக்கின் உத்தமபாளையத்தில் தோப்புக்குள் வீடு கட்டிக் குளமும் வேண்டும் என்பவருக்கு நிலவரம் வேறு. போர்வெல் தண்ணீர் ஊருக்கு ஊர் மாறும். ஆனி பிறந்தால் மேல்காற்று இறங்கும். பக்கத்து வயலுக்கு மடை திறந்தால் நம் நிலத்தடி நீரும் ஏறும். பட்டியலில் மிக அழகாகத் தெரிகிற பொருள் இந்த மூன்றில் ஒன்றுக்குத் தோற்றால் பணம் போனதுதான்.

ஆகவே இந்த அத்தியாயம் டைல்ஸ் நிறத்தில் தொடங்கவில்லை. தண்ணீர், மண், காற்று ஆகியவற்றை முதலில் பார்ப்போம். அவை சொல்வதை வைத்துத் தொட்டியையும், தொட்டியை வைத்து மோட்டாரையும் ஃபில்டரையும் தேர்வோம். கணக்குக்கு ஒரு மாதிரிக் குளம்: 25 அடி நீளம், 12 அடி அகலம், சராசரி 4 அடி ஆழம். இதன் கொள்ளளவு 1,200 கன அடி, அதாவது சுமார் 34,000 லிட்டர். நாலைந்து பேர் உள்ள வீட்டுக்கு இது தாராளம். உங்கள் அளவு வேறாக இருந்தால் நீளம், அகலம், ஆழம் மூன்றையும் அடியில் பெருக்கி, வரும் எண்ணை 28.3-ஆல் பெருக்குங்கள், லிட்டர் கிடைத்துவிடும்.

1. காசு கொடுப்பதற்கு முன் மூன்று சோதனை

தண்ணீர். முல்லைப் பெரியாற்றை ஒட்டிய கிணறும், கரட்டை ஒட்டிய ஆழ்துளைக் கிணறும் ஒரே தண்ணீரைத் தருவதில்லை. எந்தக் கிணற்றிலிருந்து குளத்தை நிரப்பப் போகிறீர்களோ, அந்தத் தண்ணீரை ஒரு லிட்டர் பிடித்துத் தமிழ்நாடு குடிநீர் வடிகால் வாரியத்தின் மாவட்ட ஆய்வகத்தில் கொடுங்கள். பி.எச்., கடினத்தன்மை, காரத்தன்மை, டி.டி.எஸ்., இரும்பு ஆகிய ஐந்தும் அறிக்கையில் இருக்க வேண்டும். குளத்து நீருக்கு உகந்த அளவுகள் இவை: பி.எச். 7.2 முதல் 7.8, மொத்தக் காரத்தன்மை லிட்டருக்கு 80 முதல் 120 மில்லிகிராம், கால்சியம் கடினத்தன்மை 200 முதல் 400 மில்லிகிராம். கடினத்தன்மை 400-ஐத் தாண்டினால் டைல்ஸ் ஓரத்தில் வெள்ளைக் கோடு விழும், ஃபில்டர் மணல் கட்டிதட்டும். இரும்பு இருந்தால், முதல் முறை குளோரின் போட்ட அன்றே தண்ணீர் பழுப்பாகித் தரையில் கறை படியும்.

உப்புத் தண்ணீர்தான் கிடைக்கும் என்றால் குளத்தையே கைவிட வேண்டாம். கூரையில் விழும் மழைநீரில் கால்சியம் கிட்டத்தட்ட இல்லை. 1,000 சதுர அடிக் கூரையில் ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தால், சிந்தியது சிதறியது போக 800 லிட்டர் தேறும். ஐப்பசி, கார்த்திகை மழையை வடிகட்டிக் குளத்தில் விட்டால் கடினத்தன்மை தானாகத் தணியும். தமிழகத்தில் 2003 முதல் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் கூரைக் குழாய் எப்படியும் போடத்தான் போகிறீர்கள். குளத்துக்கு ஒரு கிளை வைத்துக்கொள்ளுங்கள். ஆற்றிலோ வாய்க்காலிலோ மோட்டாரை இறக்கிக் குளம் நிரப்பலாம் என்ற நினைப்பு மட்டும் வேண்டாம். 1895-இல் பெரியாறு அணை கட்டி மலையைக் குடைந்து கொண்டுவந்த அந்தத் தண்ணீர் பாசனத்துக்கும் குடிநீருக்கும் உரியது. அனுமதியின்றி எடுப்பது குற்றம். மழைக்காலத்தில் அது செம்மண் கலங்கலாக வரும் என்பதால் நம் ஃபில்டருக்கும் ஆகாது.

மண். கம்பம் பள்ளத்தாக்கில் இருபோக நெல் விளையும் ஆயக்கட்டு 14,707 ஏக்கர். முதல் போகத்துக்கு வழக்கமாக ஜூனில் தண்ணீர் திறப்பார்கள். வயலை ஒட்டிய மனையில் அதன்பின் நிலத்தடி நீர் ஏறத் தொடங்கும். ஐப்பசி அடைமழையில் இன்னும் ஏறும். சித்திரையில் குழி தோண்டிப் பார்த்து, “காய்ந்து கிடக்கிறது” என்று முடிவு செய்வது தவறு. ஐப்பசியில் குளம் வரும் இடத்தில் ஏழடிக் குழி ஒன்று வெட்டி இரண்டு நாள் விடுங்கள். ஊற்று கசிந்து நின்றால் எத்தனை அடியில் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். தொட்டியின் வகையை அந்த எண்தான் முடிவு செய்யும். கரிசல் மண்ணாக இருந்தால் அதையும் குறியுங்கள். நனைந்தால் உப்பி, காய்ந்தால் சுருங்கும் மண் அது.

காற்று. ஜூன் முதல் செப்டம்பர் வரை இங்கே மேற்கிலும் தென்மேற்கிலும் இருந்து காற்று அடிக்கும். தேனி மாவட்டத்தில் காற்றாலைகள் நிற்பதற்குக் காரணமே அதுதான். இந்தக் காற்று நமக்கு மூன்று வேலை வைக்கும்: சருகையும் புழுதியையும் குளத்தில் கொட்டும், தண்ணீரை ஆவியாக்கும், பக்கத்துத் தோட்டத்து மருந்தையும் அள்ளி வரும். கம்பம் பன்னீர் திராட்சை ஆண்டு முழுவதும் காய்க்கும் பயிர். எனவே மருந்தடிப்புக்கும் பருவம் என்று ஒன்றில்லை. மனைக்கு மேற்கே திராட்சைப் பந்தல் இருந்தால் குளத்தை வீட்டுக்குக் கிழக்கே தள்ளுங்கள். வீட்டுச் சுவர் தடுப்பாக நிற்கும். தென்னைக்கும் குளத்துக்கும் இடைவெளி விடுங்கள். மட்டையும் காயும் விழும் வட்டத்துக்குள் குளம் வரக் கூடாது.

2. தொட்டி எதனால்?

ஆர்.சி.சி. தொட்டி. நம் பகுதிக்குப் பெரும்பாலும் பொருந்துவது இதுதான். கொத்தனாரும் கம்பி கட்டுகிறவரும் உள்ளூரிலேயே இருக்கிறார்கள், அளவையும் நம் விருப்பப்படி வைக்கலாம். ஆனால் வீட்டுத் தளத்துக்குப் போடும் கலவையை அப்படியே குளத்துக்குப் போடக் கூடாது. தண்ணீர் தேக்கும் கான்கிரீட் அமைப்புகளுக்கென்றே ஐ.எஸ். 3370 என்ற இந்தியத் தரக் குறியீடு இருக்கிறது. கம்பி கட்டிய கான்கிரீட்டுக்கு அது குறைந்தது எம்-30 தரம் கேட்கிறது. ஒப்பந்தத்தில் இந்த எண்ணை எழுதி வாங்குங்கள். தரைக்கும் சுவருக்கும் இடையிலான இணைப்பில் பி.வி.சி. வாட்டர் ஸ்டாப் பட்டை வைக்க வேண்டும். பழைய குளங்களில் கசிவு பெரும்பாலும் அந்த மூலையில்தான் தொடங்கும். ஆற்று மணல் கிடைக்கவில்லையே என்று கவலைப்பட வேண்டாம். கான்கிரீட்டுக்குச் சான்று பெற்ற எம்-சாண்ட், பூச்சுக்கு பி-சாண்ட் போதும். குவாரித் தூசியை எம்-சாண்ட் என்று சொல்லி இறக்கிவிடாமல் பாருங்கள்.

ஃபைபர் தொட்டி. தொழிற்சாலையில் ஒரே ஓடாக வார்த்து லாரியில் வருவது. குழி தயாராக இருந்தால் சில நாளில் வேலை முடியும். உள்ளே வழவழப்பாக இருப்பதால் பாசி பிடிப்பது குறைவு. இங்கே இரண்டு சிக்கல். நீண்ட லாரியும் கிரேனும் தோப்புப் பாதையில் திரும்ப வேண்டும். அடுத்தது நிலத்தடி நீர். நம் மாதிரிக் குளத்தின் அடித்தரையைவிட 3 அடி உயரத்தில் ஊற்று நின்றால், காலியான தொட்டியை அது மேலே தள்ளும் விசை சுமார் 25 டன். ஃபைபர் ஓட்டின் எடை ஓரிரு டன்னைத் தாண்டாது. தொட்டியைக் கழுவுவதற்கென்று ஐப்பசியில் தண்ணீரை இறைத்தால் ஓடு படகாகிவிடும். ஐப்பசிக் குழியில் ஊற்று கண்டவர்கள் ஃபைபரைத் தவிர்ப்பது நல்லது. கரட்டுப் பக்கம் சரளை மண்ணில் வீடு கட்டுகிறவர்கள் தாராளமாக யோசிக்கலாம்.

ஊற்று உள்ள இடத்தில் ஆர்.சி.சி. தொட்டியும் தப்பிவிடாது. அடியில் ஜல்லிப் படுக்கை, அதில் ஒரு வடிகுழாய், தரையில் நிலத்தடி நீரின் அழுத்தத்தை உள்ளே விட்டுத் தணிக்கும் ஹைட்ரோஸ்டேட்டிக் வால்வு ஆகிய மூன்றும் வேண்டும். இந்த வால்வின் விலை மொத்தச் செலவில் தூசு. அதை விட்டுவிட்டு வெடித்த தரையைச் சீர்செய்வதோ புதிதாகக் கட்டுவதற்குச் சமம்.

வினைல் லைனர். இரும்புத் தகடோ செங்கல் சுவரோ எழுப்பி, உள்ளே தடித்த வினைல் விரிப்பை இழுத்துக் கட்டுவது. முதல் செலவு குறைவு. கிழிந்தால் ஒட்டலாம் என்றாலும் சில ஆண்டுகளுக்கொரு முறை விரிப்பையே மாற்ற வேண்டிவரும். அதற்குப் பழகிய ஆள் அருகில் இருந்தால் மட்டும் இறங்குங்கள்.

சட்டக் குளம். தரைமேல் குழாய்ச் சட்டத்தில் நிற்கும் பி.வி.சி. தொட்டி. வாடகை வீட்டுக்கும், குழந்தைகளுக்கு ஆர்வம் நிலைக்கிறதா என்று பார்க்க நினைப்பவர்களுக்கும் ஏற்றது. தரை சமமாக இருக்க வேண்டும். ஆடிக் காற்றுக்கு முன் காலிசெய்து மடித்து வைத்துவிடுவது உத்தமம்.

ஒன்றைத் தெளிவாகச் சொல்ல வேண்டும். பண்ணைக்குட்டைக்கு விரிக்கும் பிளாஸ்டிக் தாளைக் குழியில் போட்டு, “குளமாகவும் இருக்கட்டும்” என்று விடாதீர்கள். சரிந்த கரையில் ஈரத் தாள் வழுக்கும். உள்ளே விழுந்தவர் நீச்சல் தெரிந்தவராக இருந்தாலும் ஏறி வருவது கடினம்.

3. உள்பூச்சும் டைல்ஸும்

டைல்ஸ் தண்ணீரைத் தடுப்பதில்லை. தடுப்பது அதன் அடியில் இருக்கும் பூச்சு. கான்கிரீட் ஆறிய பிறகு பாலிமர் கலந்த சிமென்ட் பூச்சை இரண்டு கையாக, ஒன்றுக்கொன்று குறுக்கே பூசி, மூலைகளில் வலைத்துணி பதிக்க வேண்டும். பிறகு டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே குளத்தை நிரப்பி ஒரு வாரம் விடுங்கள். மட்டம் இறங்கத்தான் செய்யும். அது கசிவா, ஆவியா என்று தெரிய வேண்டும். ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பிக் குளத்துப் படியில், பாதி முங்கும்படி வையுங்கள். வாளிக்குள்ளும் குளத்திலும் மட்டம் ஒரே அளவு இறங்கினால் ஆவி. குளத்தில் மட்டும் கூடுதலாக இறங்கினால் கசிவு. இந்தச் சோதனை முடியாமல் டைல்ஸ் பெட்டியைப் பிரிக்க விடாதீர்கள்.

டைல்ஸ் வாங்கும்போது நிறத்தைவிட முக்கியம் நீர் உறிஞ்சும் அளவு. பெட்டியில் அது 0.5 சதவீதத்துக்குக் கீழ் என்று இருக்க வேண்டும். குளியலறைச் சுவர் டைல்ஸ் இதைவிடப் பல மடங்கு உறிஞ்சும். ஓரிரு ஆண்டில் உரிந்து விழும். ஒட்டுவதற்கு, “அண்ணே, சிமென்ட் பால் ஊத்திரலாம், அதுவே போதும்” என்பார்கள். போதாது. எப்போதும் தண்ணீருக்குள் இருக்கும் இடத்துக்கென்று பாலிமர் கலந்த ஒட்டுப்பசை தனியாக விற்கிறது. இடுக்கு அடைக்க எபாக்சி கிரவுட் வாங்குங்கள். சாதாரண கிரவுட்டை நம் ஊர் ஆசிட்டும் குளோரினும் அரித்துவிடும்.

கரைக்குக் கிரானைட் நல்லது. ஆனால் மெருகிட்டது வேண்டாம். நெருப்புக் காட்டிச் சொரசொரப்பாக்கிய கல் ஈரக்காலுக்குப் பிடிமானம் தரும். கருங்கல் நிறம் சித்திரை வெயிலில் உள்ளங்காலைச் சுடும். சாம்பல் அல்லது வெளிர் நிறம் எடுங்கள். கடப்பா, பளிங்கு இரண்டும் சுண்ணாம்புக் கல் வகை, பி.எச். குறைக்க ஊற்றும் ஆசிட் தெறித்தால் அரித்துப்போகும்.

4. மோட்டாரும் ஃபில்டரும்

விவசாய வீட்டில் உடனே வரும் கேள்வி இது: “தோட்டத்தில் கோயம்புத்தூர் மோனோபிளாக் சும்மா கிடக்கிறதே, அதையே மாட்டினால் என்ன?” அந்த மோட்டார் தண்ணீரை உயரத்துக்கு ஏற்றுவதற்காகச் செய்யப்பட்டது. குளத்துக்குத் தேவை குறைந்த உயரம், நிறைய ஓட்டம். அதன் வார்ப்பிரும்பு உடலும் உள்சக்கரமும் குளோரின் நீரில் துருப்பிடித்து டைல்ஸில் கறையாக இறங்கும். முடியையும் சருகையும் பிடிக்கும் கூடையும் அதில் இல்லை. நீச்சல் குள மோட்டார் என்றே விற்கும், பிளாஸ்டிக் உடலும் முன்னால் வடிகூடையும் கொண்ட, தானாகத் தண்ணீர் இழுக்கும் வகையை வாங்குங்கள்.

அளவு எப்படிக் கண்டுபிடிப்பது? வீட்டுக் குளத்துத் தண்ணீர் முழுவதும் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறையாவது ஃபில்டர் வழியாகப் போய்வர வேண்டும். 34,000 லிட்டரை ஆறால் வகுத்தால் மணிக்குச் சுமார் 5,700 லிட்டர். இது குறைந்தபட்ச அளவு. இதோடு நிறுத்திவிடாமல் ஃபில்டரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், ஏனென்றால் ஃபில்டரைக் கழுவுவதும் இதே மோட்டார்தான்.

மணல் ஃபில்டரே நம் புழுதிக்கு ஏற்றது. மடிப்பு கார்ட்ரிட்ஜ் நுண்ணிய தூசியை நன்றாகப் பிடிக்கும். ஆனால் ஆடி மாதத்தில் அதை ஓயாமல் கழற்றிக் கழுவிக்கொண்டிருக்க வேண்டும். மணல் ஃபில்டரில் கைப்பிடியைத் திருப்பினால் ஓட்டம் தலைகீழாகி அழுக்கு வெளியேறும்; இதுதான் பேக்வாஷ். அதற்கு மணலைத் தூக்கிக் கலக்கும் வேகம் வேண்டும். 500 மில்லிமீட்டர் விட்டமுள்ள ஃபில்டருக்கு மணிக்கு ஏறத்தாழ 7,000 லிட்டர் தேவை. 600 மில்லிமீட்டருக்கு 10,000 லிட்டர் தேவை. “பெரிசா எடுங்க, நல்லது” என்ற பேச்சைக் கேட்டு 600 வாங்கி, சின்ன மோட்டாரை மாட்டினால் மணல் ஒருநாளும் கழுவப்படாது. நம் மாதிரிக் குளத்துக்கு 500 மில்லிமீட்டர் ஃபில்டர், 10 மீட்டர் ஹெட்டில் (அதாவது 10 மீட்டர் உயரத்துக்கு ஏற்றுவதற்குச் சமமான எதிர்ப்பில்) மணிக்கு 7,000 முதல் 8,000 லிட்டர் தரும் மோட்டார் என்பதுதான் சரியான ஜோடி. பெரும்பாலும் அது முக்கால் எச்.பி.யில் கிடைத்துவிடும். மோட்டாரின் குதிரைத்திறனை மட்டும் சொல்லி விற்பவரிடம், “10 மீட்டர் ஹெட்டில் எத்தனை லிட்டர்?” என்று கேளுங்கள். பதில் அதன் வரைபடத்தில் இருக்கும்.

உள்ளே போடும் மணல் கட்டுமான மணல் அல்ல. அரை முதல் ஒரு மில்லிமீட்டர் அளவுக்குச் சலித்த சிலிக்கா மணல். 5 முதல் 7 ஆண்டுக்கு ஒரு முறை மாற்றலாம். கடின நீர் என்றால் முன்பே கட்டிதட்டும். ஃபில்டரின் தலையில் உள்ள மல்டிபோர்ட் வால்வை மோட்டார் ஓடும்போது திருப்பக் கூடாது. உள்ளே இருக்கும் ரப்பர் சக்கரம் கிழியும். அந்த ரப்பர், மோட்டாரின் மெக்கானிக்கல் சீல், ஓ-ரிங் ஆகிய மூன்றிலும் ஒன்றைக் கூடுதலாக முதல் நாளே வாங்கி வையுங்கள். தேனியில் இல்லாவிட்டால் மதுரைக்கோ கோவைக்கோ ஆள் அனுப்ப வேண்டும். அதற்குள் குளம் பச்சையாகிவிடும்.

சுத்தமான ஃபில்டரில் அழுத்தமானி காட்டும் எண்ணைப் பெயிண்டால் சுவரில் எழுதுங்கள். அதைவிட அரை பார் கூடினால் பேக்வாஷ் செய்யும் நேரம். ஒவ்வொரு முறையும் 300 முதல் 500 லிட்டர் வெளியேறும். அதை ஒரு தொட்டியில் ஓரிரு நாள் வெயிலில் விட்டால் குளோரின் பறந்துவிடும். பிறகு தென்னைக்குப் பாய்ச்சலாம்.

5. குழாய், ஸ்கிம்மர், வடிகால்

மோட்டார் இழுக்கும் பக்கம் 63 மில்லிமீட்டர், தள்ளும் பக்கம் 50 மில்லிமீட்டர் யு.பி.வி.சி. குழாய் நம் அளவுக்குச் சரி. இழுக்கும் குழாயைச் சிறிதாக்கினால் மோட்டார் காற்றை விழுங்கி இரையும். முழங்கை வளைவுகளைக் குறையுங்கள். கான்கிரீட் போடுவதற்கு முன் குழாய்களின் வாயை அடைத்து, 2 பார் அழுத்தத்தில் ஒரு நாள் விட்டுப் பாருங்கள். மண்ணுக்குள் போன கசிவைத் தேடுவதற்குத் தரையை உடைக்க வேண்டியிருக்கும்.

ஸ்கிம்மர் என்பது மேல்மட்டத்துச் சருகை உறிஞ்சும் வாய். இந்தப் பள்ளத்தாக்கில் அதன் இடத்தைக் கட்டடப் பொறியாளர் அல்ல, மேல்காற்று சொல்லட்டும். குளத்தின் கிழக்கு அல்லது வடகிழக்குக் கரையில் வைத்து, தண்ணீர் திரும்பி வரும் வாய்களை மேற்கில் வைத்தால், காற்றும் ஓட்டமும் சேர்ந்து சருகை அதன் வாயிலேயே கொண்டுபோய்ச் சேர்க்கும். மாற்றி வைத்தவர்கள் ஆடி முழுவதும் கையில் வலையோடு நிற்க வேண்டியதுதான்.

தரையில் உள்ள வடிகால் உயிர் சம்பந்தப்பட்டது. ஒற்றை வடிகாலின் மேல் ஒருவரின் உடலோ முடியோ அடைத்துக்கொண்டால், மோட்டாரின் இழுவை விடாது. அமெரிக்காவில் 2002-இல் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி இப்படி இறந்ததன் பிறகு, 2007-இல் அவள் பெயராலேயே வடிகால் மூடிக்கான சட்டம் வந்தது. வீட்டுக் குளத்துக்கும் இதே பாடம்: குறைந்தது மூன்றடி இடைவெளியில் இரண்டு வடிகால்கள், இரண்டும் ஒரே குழாயில் சேர வேண்டும், மேலே குவிந்த வடிவில் சுழல் தடுக்கும் மூடி. மூடி உடைந்திருந்தால் மாற்றும்வரை யாரும் குளத்தில் இறங்கக் கூடாது.

ஏணிக்கும் கைப்பிடிக்கும் துருப்பிடிக்காத எஃகில் 316 ரகம் கேளுங்கள். 304 ரகம் பார்வைக்கு அதே பளபளப்புதான். குளோரின் நீரில் புள்ளி புள்ளியாகத் துரு காட்டும். பில்லில் ரகத்தை எழுதி வாங்குவதுதான் காப்பு.

6. எந்தக் குளோரின்?

நீரில் குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம் இருக்க வேண்டும். நம் குளத்தில் ஒரு மில்லிகிராம் ஏற்ற எவ்வளவு வேண்டும் என்பது சரக்கைப் பொறுத்தது:

• 10 சதவீதத் திரவக் குளோரின்: சுமார் 340 மில்லி. வேறு எதையும் தண்ணீரில் சேர்க்காது. ஆனால் வெயிலில் வீரியம் இழக்கும். ஒரு மாதத்துக்கு மேல் இருப்பு வைக்காதீர்கள்.

• 65 சதவீதக் கால்சியம் ஹைப்போகுளோரைட்: சுமார் 52 கிராம். ஒவ்வொரு முறையும் கால்சியத்தை ஏற்றும். உப்புத் தண்ணீர்க்காரர்களுக்கு ஆகாது. ஆற்றோரத்து மென்நீர்க் கிணறு உள்ளவர்களுக்கு நல்லது.

• 90 சதவீத டி.சி.சி.ஏ. மாத்திரை: சுமார் 38 கிராம். மெல்லக் கரையும், ஊருக்குப் போகும் நாளில் வசதி. ஆனால் பி.எச்.சை இறக்கும், வெயிலிலிருந்து குளோரினைக் காக்கும் சயனூரிக் அமிலத்தையும் சேர்த்துக்கொண்டே போகும். அந்த அமிலம் 30 முதல் 50 மில்லிகிராம் வரை நல்லது. மிகவும் கூடினால் குளோரினைச் செயலிழக்கச் செய்யும்; பாதித் தண்ணீரை மாற்றுவதைத் தவிர வழியில்லை.

• பிளீச்சிங் பவுடர்: சுமார் 100 கிராம். கடைத்தெருவில் எளிதாகக் கிடைக்கும். சுண்ணாம்பு வண்டல் தண்ணீரைக் கலக்கும். அவசரத்துக்கு மட்டும், கரைத்துத் தெளியவைத்து ஊற்றுங்கள்.

உப்பிலிருந்து தானே குளோரின் தயாரிக்கும் கருவி இப்போது நிறையப் பேசப்படுகிறது. நம் குளத்துக்கு ஏறக்குறைய 120 கிலோ உப்பு கரைக்க வேண்டும். கடின நீரில் அதன் தகடுகளில் சுண்ணாம்பு படியும். அதைவிடப் பெரிய கேள்வி, பேக்வாஷ் தண்ணீர் எங்கே போகும் என்பது. திராட்சையும் வாழையும் உப்பைத் தாங்காத பயிர்கள். வடிகால் தோட்டத்தில் முடியும் வீட்டுக்கு இந்தக் கருவி பொருந்தாது.

பாசிக்கு மயில்துத்தம் போடலாமே என்று திராட்சை வைத்திருப்பவர்கள் கேட்பார்கள். அதிலுள்ள தாமிரம் பாசியைக் கொல்லும், உண்மைதான். அளவு மீறினால் சுவரில் கறையும் தலைமுடியில் பச்சையும் ஏறும். கைக்கணக்கில் போடும் பொருள் அல்ல அது.

இங்கே ஓர் எச்சரிக்கை. தோட்டத்து மோட்டார் அறையில் யூரியா மூட்டை, கந்தகம், பூச்சிமருந்து எல்லாம் கிடக்கும். குளோரின் சரக்கை அங்கே வைக்கவே கூடாது. டி.சி.சி.ஏ.வும் யூரியாவும் ஈரத்தில் சேர்ந்தால் வெடிக்கும் தன்மையுள்ள பொருள் உருவாகும். இருவகைக் குளோரினை ஒரே டப்பாவில் கலந்தாலும் தீப்பற்றும். ஆசிட் பட்டால் நச்சுவாயு கிளம்பும். குளோரினுக்குத் தனி அலமாரி, தனி அளவுகோப்பை, காற்றோட்டம், பூட்டு வேண்டும். ஆசிட்டை எப்போதும் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும். ஆசிட்டில் தண்ணீரை ஊற்றக் கூடாது.

சோதனைக்குத் துளிமருந்துப் பெட்டி வாங்குங்கள். காகிதப் பட்டை நம் வெயிலிலும் ஈரத்திலும் சீக்கிரம் பொய் சொல்லத் தொடங்கிவிடும்.

7. மின்சாரம், மூடி, வேலி

விவசாய இலவச மின் இணைப்பில் குள மோட்டாரை ஓட்டுவது விதிமீறல். வீட்டு இணைப்பில்தான் மாட்ட வேண்டும். முக்கால் எச்.பி. மோட்டார் நாளைக்கு 8 மணி நேரம் ஓடினால் 6 யூனிட்டுக்கு மேல் ஆகும். இரு மாதத்தில் 380 யூனிட் அளவு. தமிழ்நாட்டில் இருமாதப் பயன்பாடு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறும் என்பதால், வீட்டுச் செலவையும் கூட்டிப் பாருங்கள். வேகத்தை மாற்றக்கூடிய மோட்டாருக்கு முதலில் பணம் கூடுதல். வேகத்தைப் பாதியாக்கினால் மின்சாரம் எட்டில் ஒரு பங்காக இறங்கும் என்பதால், மாடியில் சூரியத் தகடு வைத்திருப்பவர்களுக்கு அது நல்ல துணை.

குள இணைப்புக்குத் தனியாக, மின்கசிவு கண்டால் இணைப்பைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. போடுங்கள். நீருக்குள் எரியும் விளக்கு 12 வோல்ட்டாக மட்டுமே இருக்கட்டும். அதன் டிரான்ஸ்ஃபார்மர் குளத்தைவிட்டுத் தள்ளி இருக்கட்டும். ஏணியும் கைப்பிடியும் எர்த்தில் சேர வேண்டும்.

மூடி ஆடம்பரம் அல்ல. மட்டம் நாளைக்கு 5 மில்லிமீட்டர் இறங்கினால் நம் குளத்தில் 140 லிட்டர் போகிறது. மூடி அதில் பெரும்பகுதியைக் காக்கும். மருந்தடிக்கும் நாளில் குளத்தையும் காக்கும். ஆனால் மிதக்கும் விரிப்பு குழந்தையைத் தாங்காது. நான்கு பக்கமும் குறைந்தது நாலடி உயர வேலியும், தானாக மூடித் தாழிட்டுக்கொள்ளும் கதவும் வேண்டும். வேலிக்குப் பணமில்லை என்றால் குளத்தை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப் போடுங்கள்.

8. கொட்டேஷன் வாங்கும்போது

மொத்தமாக ஒரே தொகை எழுதித் தரும் கொட்டேஷனை ஏற்காதீர்கள். கான்கிரீட்டின் தரம், பூச்சின் பெயர், டைல்ஸின் நீர் உறிஞ்சும் அளவு, 10 மீட்டர் ஹெட்டில் மோட்டாரின் ஓட்டம், ஃபில்டரின் விட்டம், குழாயின் அழுத்தத் தரம், எஃகின் ரகம் ஆகியவை தனித்தனி வரியாக வர வேண்டும். இரண்டு பேரிடம் வாங்கி ஒப்பிட்டால் விலை வித்தியாசம் எந்த வரியில் ஒளிந்திருக்கிறது என்று தெரியும். பெரும்பாலும் அது மண்ணுக்குள் மறையும் பொருளில்தான் இருக்கும். பணம் பற்றாவிட்டால் கண்ணுக்குத் தெரிவதில் குறையுங்கள்: நீர்வீழ்ச்சி, வண்ண விளக்கு, கண்ணாடி மொசைக் எல்லாம் பிறகு சேர்க்கலாம். வடிகால், குழாய், நீர்த்தடுப்பு ஆகியவற்றைப் பிறகு சேர்க்க முடியாது.

வேலை தொடங்கும் முன் பேரூராட்சி அல்லது ஊராட்சியின் கட்டட அனுமதியில் குளத்தையும் வரைபடத்தில் காட்டிவிடுங்கள். தவணையை நான்காகப் பிரியுங்கள்: குழி வெட்டியதும் ஒன்று, ஒரு வாரத் தண்ணீர்ச் சோதனை தேறியதும் ஒன்று, மோட்டார் ஓடியதும் ஒன்று. நான்காவதை ஓர் ஆடியும் ஓர் ஐப்பசியும் கழிந்த பிறகு கொடுப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஸ்கிம்மர் சரியான கரையில் இருக்கிறதா என்பதை ஆடி காட்டும். தரை சரியாகப் போடப்பட்டிருக்கிறதா என்பதை ஐப்பசி காட்டும்.